பொத்தானை அழுத்திய பிறகு

முப்பத்து நான்கு வருடம் மின்தூக்கி பழுது பார்த்தேன்.
செராஸ், பண்டான் இண்டா, செத்தாப்பாக்...
எந்த அடுக்குமாடியில் எந்தக் கதவை
இழுத்துச் சாத்தினால்தான் மூடும் என்று
தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.
குடியிருப்போர் கூட்டத்தில் ஒரே கேள்விதான்:
இந்தக் கிழட்டுக் கட்டடத்துக்குப் புது மோட்டார் தேவையா?
கணக்குப் போட்டுச் சொல்வேன்.
சில இடங்களில் வேண்டாம் என்றிருக்கிறேன்.
ஒன்பதாம் மாடியில் சக்கர நாற்காலியோடு
ஒரு சீனத்து அம்மா இருந்தது
கணக்கில் வரவில்லை.

இந்தத் தடவை மேசைக்கு அந்தப் பக்கம் ஆறு பேர்.
துன் ரசாக் சாலையில், குளிரூட்டி அதிகம் வைத்த அறை.
வயது அறுபத்தேழு. சிறுநீரகம் சுமார்.
பல் இரண்டு பிடுங்க வேண்டும்.
"இந்த வயசுக்கு மேல பொதுவா..." என்று தொடங்கிய
இளம் மருத்துவர், முடிக்காமல் பேனாவை மூடினார்.
அந்தப் பேனாவை எனக்குத் தெரியும்.
நானும் அப்படித்தான் மூடுவேன்.

பாரத்தில் ஒரு கட்டம்: உடனிருந்து பார்த்துக்கொள்பவர்.
மகன் பெர்த்தில்.
பதினோரு வருடமாகப் பூச்சோங்கில் தனியே இருக்கும் கோமளத்தை
யார் கூப்பிட்டார்களோ, இன்றுவரை தெரியாது.
வந்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு
நான்கு பக்கமும் படித்தாள்.
"கட்டம் காலியா இருந்துச்சு, அதான்" என்றாள்.

முதல் அழைப்பு பொய்த்தது.
இரவு இரண்டே காலுக்குப் போய், மார்மயிர் மழித்து,
நாலு மணிக்கு, "இதயம் சரியில்ல அங்கிள்,
வீட்டுக்குப் போகலாம்" என்றாள் தாதி.
யாருடையது என்று கேட்கத் தோன்றவில்லை.
மாமாக் கடையில் கோமளம் சீனியில்லாமல்
இரண்டு தே ஓ சொன்னாள்.
விடியும்வரை அதையே குடித்தோம்.

இரண்டாவது, தீபாவளிக்கு மூன்று நாள் முன்.
வடக்கிலிருந்து வருகிறது என்று மட்டும் சொன்னார்கள்.
ஐம்பத்தெட்டு வயது இதயம்,
இளையவர் யாருக்கும் வைக்க மாட்டோம், சம்மதமா?
பழைய வடத்துக்குப் பழைய மோட்டார்தான் ஒத்துப்போகும் என்றேன்.
மருத்துவர் சிரிக்கவில்லை. கையெழுத்து வாங்கினார்.
அங்கே யார் வீட்டிலோ ஒரு ஜோடிச் செருப்பு
வாசலிலேயே கிடந்திருக்கும்.
அதற்கு மேல் நினைக்க எனக்கு உரிமை இல்லை.

இப்போது எட்டு மணிக்கு மாத்திரை,
மறுபடி எட்டு மணிக்கு.
பச்சை உலாம் கூடாது. அரைவேக்காட்டு முட்டை கூடாது.
ஈப்போவிலிருந்து யார் பம்பளிமாஸ் கொண்டுவந்தாலும்
மோந்து பார்த்துவிட்டு எதிர்வீட்டுக்கு.
கழுத்து வழியே கம்பி விட்டு
மிளகளவு சதை கிள்ளிப் பார்க்கிறார்கள்,
வீட்டுக்காரன் விருந்தாளியைத் துரத்துகிறானா என்று.

ஒன்றை மட்டும் கடைசியில்தான் சொன்னார்கள்:
நரம்பு அறுந்தது அறுந்ததுதான்.
தலை சொல்வது இனி நேராகப் போகாது,
ரத்தத்தில் கலந்து நடந்து போகும்.
படி ஏறினால்
இரண்டு மாடி கழித்துத்தான் அதற்குத் தெரிகிறது.
நான் நின்ற பிறகும்
அது மட்டும் ஏறிக்கொண்டிருக்கிறது.
பூடு சந்தை வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள்
உரசிக்கொண்டு போனது.
திட்டி முடித்து, கெம்போங் மீன் வாங்கி,
மீதிச் சில்லறை எண்ணும்போது
அது பயந்தது.

ஆறு மாதம் முடிந்த அன்று
ஞாயிறு முதல் சனி வரை மாத்திரைப் பெட்டியை நிரப்பிவிட்டு
"இனிமே நீங்களே பாத்துக்குவீங்க" என்றாள் கோமளம்.
சரி என்றேன்.
நெஞ்சு சும்மா இருந்தது, ஒரு அதிகாரியைப் போல.
எங்கள் கட்டடத்தில் மின்தூக்கி ஓடி நாலு நாளாகிறது.
ஐந்து மாடியும் அவள் செருப்பு இறங்கியதைக் கேட்டேன்,
கடைசியில் இரும்புக் கதவு.
சமையலறைக்குப் போய்த் தண்ணீர் ஊற்றினேன்.
குவளை வாய்க்கு வருவதற்குள்
ஓடத் தொடங்கியது.

சன்னலைத் திறந்தேன்.
நிறுத்தத்தில் பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள்.
பேருந்து இன்னும் வரவில்லை.